உடற்பருமனும் இருதய நோயும்: கொழுப்பு அனுப்பும் செய்திகள்



இருதயப் பிரிவில் மாலை நான்கு மணிக்குப் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் நாலைந்து பேர் நிற்பார்கள். கையில் பழப் பை, ரொட்டிப் பாக்கெட், சத்துமாவுப் புட்டி. அன்பு நிறையவே இருக்கும். ஆனால் பத்து நிமிடம் போவதற்குள் யாராவது ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிடும்: "அப்பவே சொன்னேன், வாயைக் கட்டு, உடம்பைக் குறைன்னு. கேட்டாத்தானே!"

அப்படியொரு மாலையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அண்ணன் பேசியதைக் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாரடைப்பு வந்து மூன்றாம் நாள். பருத்த சரீரம். எல்லாரும் போன பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, நான் தின்னே என்னைக் கெடுத்துக்கிட்டேனா?" என்று கேட்டார். அன்றைக்கு என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. ஆறுதல் சொன்னேன். ஆறுதல் வேறு, பதில் வேறு.

அதன் பிறகு நம் டாக்டர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதையே இந்தப் பாடத்தில் உங்களுக்குத் தருகிறேன். மருத்துவம் படியாத ஒருவன் மருத்துவம் படியாதவர்களுக்கு எழுதுவது இது. ஆகையால் மெதுவாகப் போவோம்.

1. கொழுப்பு வெறும் மூட்டையல்ல

உடம்பில் சேரும் கொழுப்பைப் பற்றி நம்மில் அநேகர் வைத்திருக்கும் எண்ணம் ஒன்றுதான். மிஞ்சிய சாப்பாட்டை உடம்பு மூட்டை கட்டி வைக்கிறது. மூட்டை கனத்தால் இருதயம் இரட்டிப்பாக உழைக்க வேண்டும். உழைத்து உழைத்து ஒருநாள் களைத்துப்போகிறது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இது முழு உண்மையல்ல.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரேமிங்காம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1948-ஆம் ஆண்டில் 5,209 ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, அவர்களில் யாருக்கு இருதய நோய் வருகிறது, ஏன் வருகிறது என்று வருடக்கணக்காகக் கவனித்துவரத் தொடங்கினார்கள். 26 ஆண்டுக் கணக்கை வைத்து 1983-இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். இரத்தக்கொதிப்பு, கொலஸ்டரால், புகைபிடித்தல் இவற்றையெல்லாம் தனியாகக் கழித்துப் பார்த்த பிறகும், உடற்பருமன் தன் பங்குக்கு இருதய நோயை வரவழைக்கிறது என்பதே அந்த முடிவு.

அப்படியானால் கொழுப்பு இருதயத்துக்கு எந்த வழியாகத் தீங்கு செய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை 1990-களில் துலங்கத் தொடங்கியது. கொழுப்பு உயிரணுக்கள் சும்மா கிடக்கவில்லை. அவை ஹார்மோன்களைச் சுரந்து இரத்தத்தில் விடுகின்றன. தைராய்டு ஒரு சுரப்பி, கணையம் ஒரு சுரப்பி என்பதுபோலக் கொழுப்புத் திசுவும் ஒரு சுரப்பியாக வேலை செய்கிறது. பருத்த ஒருவரிடத்தில் அதுவே உடம்பின் மிகப் பெரிய சுரப்பி என்றும் சொல்லலாம்.

'ஹார்மோன்' என்ற சொல்லை 1905-இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற உடலியல் அறிஞர் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 'தூண்டிவிடு' என்று பொருள்படும் கிரேக்க வினைச்சொல்லிலிருந்து அது பிறந்தது. ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தில் பயணம் செய்து, வேறோர் இடத்தில் உள்ள உறுப்பை ஒரு காரியத்துக்குத் தூண்டுகிற செய்தி என்று எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2. ஒரு சுண்டெலி கற்றுத்தந்த பாடம்

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1949-இல் அங்கே வளர்த்த சுண்டெலிகளில் ஒரு வகை, மற்றவற்றைவிட மிகவும் பருத்து வளர்ந்தது. ஓயாமல் தின்றது. 1960-களில் அதேபோல் பருத்து, நீரிழிவும் கண்ட இன்னொரு வகையும் அங்கே தோன்றியது.

டக்ளஸ் கோல்மன் என்ற ஆய்வாளர் இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றாக இணைத்துப் பார்த்தார். முதல் வகைப் பருத்த எலியை ஒரு சாதாரண எலியோடு இணைத்தபோது, பருத்த எலி குறைவாகத் தின்னத் தொடங்கியது. இரண்டாம் வகைப் பருத்த எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது நடந்தது வேறு. சாதாரண எலி தீனியைத் தொடாமல் பட்டினி கிடந்து செத்தது. பருத்த எலியோ முன்போலவே தின்றுகொண்டிருந்தது.

கோல்மன் இதற்குச் சொன்ன விளக்கம் எளிமையானது. "போதும்" என்று சொல்லும் ஒரு செய்தி இரத்தத்தில் ஓடுகிறது. முதல் வகை எலிக்கு அந்தச் செய்தியே சுரக்கவில்லை. பக்கத்து எலியிடமிருந்து கிடைத்ததும் அடங்கிவிட்டது. இரண்டாம் வகை எலிக்குச் செய்தி ஏராளமாகச் சுரக்கிறது. ஆனால் அதைக் கேட்கும் காது இல்லை. இணைக்கப்பட்ட சாதாரண எலிதான் அந்தச் செய்தி முழுவதையும் கேட்டுப் பட்டினி கிடந்தது.

செய்தி எது என்று கண்டுபிடிக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. 1994 டிசம்பரில் நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் அந்த மரபணுவைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அது கொழுப்பு உயிரணுவில் வேலை செய்யும் மரபணு. அது உண்டாக்கும் ஹார்மோனுக்கு 'லெப்டின்' என்று பெயரிட்டார்கள். 2010-இல் கோல்மனுக்கும் பிரீட்மனுக்கும் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இராது. 'லெப்டோஸ்' என்றால் மெல்லியது, சிறியது. ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு சிறு காசுகளுக்கும் சுவிசேஷத்தில் இதே வேரிலிருந்து வந்த 'லெப்டா' என்ற சொல்தான் வருகிறது. உடம்பை மெலிய வைக்கும் என்ற நம்பிக்கையோடு ஆய்வாளர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள்.

3. இரண்டு குழந்தைகள்

எலிக்கு நடப்பது மனிதருக்கும் நடக்குமா? 1997-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஒரே குடும்ப வழியில் வந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. பிறக்கும்போது இருவரும் சாதாரண எடைதான். பிறகு அடங்காத பசி. இரத்தத்தில் பார்த்தால் லெப்டின் ஏறக்குறைய இல்லவே இல்லை.

அந்தச் சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். ஓர் ஆண்டில் சுமார் 16 கிலோ குறைந்ததாக 1999-இல் அறிவித்தார்கள். யாரும் அவளைக் கண்டிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை. இல்லாத செய்தி கிடைத்தது, பசி தணிந்தது.

இங்கே சற்று நின்று யோசிப்போம். ஊசி கிடைக்கும் முன்பு அந்தச் சிறுமியைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பெருந்தீனிக்காரி என்று நினைத்திருப்பார்கள். பெற்றோருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்றும் சொல்லியிருப்பார்கள். குற்றம் என்று தோன்றியது குறைபாடாக இருந்தது.

4. நமக்கு ஏன் அந்த ஊசி உதவவில்லை?

லெப்டின் கிடைத்துவிட்டது, இனி உலகில் பருத்தவரே இருக்கமாட்டார்கள் என்று அப்போது பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை வீணானது. பிறவியிலேயே லெப்டின் இல்லாதவர்கள் மிக மிக அரிது. பருத்தவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை. மெலிந்தவர்களைவிட அதிகமாகவே இருக்கிறது. கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடுகிறது. ஆனால் மூளை அதற்கு முன்போல் செவிகொடுப்பதில்லை. நாம் கோல்மனின் இரண்டாம் எலிக்கு அருகில் நிற்கிறோம்.

ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு வண்டிக்கும் விழிப்பு வரும். ஓர் ஆண்டு கழித்து எக்ஸ்பிரஸ் வண்டி போனாலும் குறட்டை நிற்காது. இதை லெப்டின் எதிர்ப்பு நிலை என்கிறார்கள்.

இன்னொரு காரியமும் உண்டு. பருத்த ஒருவர் உறுதியெடுத்துச் சாப்பாட்டைக் குறைத்துப் பத்துக் கிலோ இறக்குகிறார் என்று வையுங்கள். கொழுப்பு குறைந்ததும் லெப்டின் இறங்குகிறது. மூளை இதைப் பஞ்சம் என்று புரிந்துகொள்கிறது. பசியைக் கூட்டுகிறது, உடம்பு செலவழிக்கும் சக்தியைக் குறைக்கிறது. 1999-இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட 'கிரெலின்' என்ற பசி ஹார்மோனும் அதே நேரத்தில் இரைப்பையிலிருந்து கூடுதலாகச் சுரக்கிறது. இளைத்தவர் மறுபடியும் பருத்தால் "உறுதி இல்லாதவர்" என்கிறோம். அவருடைய உறுதியோடு அவருடைய சரீரமே மல்லுக்கு நிற்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

5. செய்தி இருதயத்தை எட்டும் வழிகள்

பசியைப் பற்றிச் சொன்னோம். இனி இருதயத்துக்கு வருவோம். முக்கியமான ஐந்து வழிகளை வரிசையாகக் கவனியுங்கள்.

(அ) இரத்த அழுத்தம். லெப்டின் பசி விஷயத்தில் மூளையை அசைக்காமல் போனாலும், நரம்புகளைத் தூண்டும் வேலையை விடுவதில்லை. அந்தத் தூண்டுதலால் இரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் தொடருக்கான மூலப்பொருளையும் கொழுப்புத் திசு சுரக்கிறது. பிறவியிலேயே லெப்டின் இல்லாதவர்கள் மிகவும் பருத்திருந்தும் அவர்களுக்கு அந்த எடைக்கு எதிர்பார்க்கும் அளவு இரத்த அழுத்தம் ஏறவில்லை என்பதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெறும் பாரம் மட்டுமே காரணமல்ல என்பதற்கு இது நல்ல சாட்சி.

(ஆ) இன்சுலின். கொழுப்பு நிறைந்த உடம்பில் தசையும் கல்லீரலும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிகொடுப்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. சர்க்கரை ஏறும் முன்பே இரத்தத்தில் டிரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொலஸ்டரால் எனப்படும் எச்.டி.எல். இறங்குகிறது. சர்க்கரைக் கோளாறு, டிரைகிளிசரைடு, எச்.டி.எல்., இரத்தக்கொதிப்பு ஆகிய இவை ஒன்றாகக் கூடி வருவதை 1988-இல் ஜெரால்டு ரீவன் என்ற அமெரிக்க மருத்துவர் எடுத்துக்காட்டினார். இன்சுலின் எதிர்ப்பே இவற்றின் வேர் என்றார்.

(இ) அழற்சி. காலில் முள் குத்தினால் சிவந்து வீங்குகிறதே, அதற்கு அழற்சி என்று பெயர். பருத்த கொழுப்பு உயிரணுக்களுக்கு நடுவே வெள்ளணுக்கள் குடியேறி, அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கின்றன. 1993-இல் 'டி.என்.எப்.' என்ற பொருள் பருத்த எலிகளின் கொழுப்பிலிருந்து வருவதையும், அது இன்சுலினைத் தடுப்பதையும் கண்டார்கள். இது முள் குத்திய வீக்கம்போல் நாலு நாளில் வற்றாது. தணலாகப் பல ஆண்டு கனன்றுகொண்டே இருக்கும். இருதய இரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்துள்ள கொழுப்புப் படிவு உடைந்துபோக இந்தத் தணல் வழிசெய்கிறது.

(ஈ) இரத்தம் உறைதல். படிவு உடைந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைப்பதையே பெரும்பாலும் மாரடைப்பு என்கிறோம். உறைந்த கட்டியைக் கரைக்கும் ஆற்றல் நம் இரத்தத்தில் இயல்பாகவே இருக்கிறது. கொழுப்புத் திசு சுரக்கும் 'பி.ஏ.ஐ.-1' என்ற பொருள் அந்தக் கரைக்கும் வேலையைத் தடுக்கிறது.

(உ) அடிபோனெக்டின். 1990-களின் நடுவில் அமெரிக்காவிலும் ஜப்பானின் ஒசாகாவிலும் இந்த ஹார்மோனைக் கண்டார்கள். இதுவும் கொழுப்பிலிருந்தே வருகிறது. ஆனால் கொழுப்பு கூடும்போது இது குறைகிறது. இன்சுலின் நன்றாக வேலை செய்ய இது உதவுகிறது, அழற்சியைத் தணிக்கிறது. இருதய நோயுள்ளவர்களுக்கு இதன் அளவு குறைவாக இருப்பதை 1999-இல் ஒசாகா குழுவினர் எழுதினார்கள்.

அடிபோனெக்டினைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். இருதயம் ஏற்கெனவே பலவீனப்பட்டவர்களிடம் அடிபோனெக்டின் அதிகமாக இருப்பது நல்ல அறிகுறியாக இல்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே இது காவல்காரனா, அல்லது வீட்டு நிலைமையைக் காட்டும் அடையாளம் மட்டுமா என்பது முடிவாகவில்லை. அடிபோனெக்டினைக் கூட்டும் மருந்து, பொடி, கஷாயம் என்று யாராவது விற்றால் பணத்தைக் கொடுத்து ஏமாற வேண்டாம்.

6. எவ்வளவு கொழுப்பு என்பதைவிட எங்கே கொழுப்பு

பிரான்ஸ் நாட்டு மார்செய் நகரத்து மருத்துவர் ஜான் வாக் 1947-லேயே ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். இடுப்பிலும் தொடையிலும் பருப்பவர்களைவிட, வயிற்றிலும் உடம்பின் மேற்பகுதியிலும் பருப்பவர்களுக்கு நீரிழிவும் இரத்தக்குழாய் நோயும் கூடுதலாக வருகின்றன என்றார். வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பிலிருந்து வரும் பொருள்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன என்பது ஒரு காரணம். இருதயத்தின்மேலேயே படியும் கொழுப்பும் உண்டு. அதற்கும் இருதயத் தசைக்கும் நடுவே திரை எதுவும் இல்லாததால் அதன் சுரப்பு நேராகவே போய்ச் சேருகிறது.

கேரளத்தில் பிறந்து, பெங்களூரில் மருத்துவம் படித்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு இதை உறுதிப்படுத்தியது. சுமார் 27,000 பேரின் கணக்கை 2005-இல் வெளியிட்டபோது, மாரடைப்பை முன்கூட்டிச் சொல்வதில் எடைக் கணக்கைவிட இடுப்புச் சுற்றளவுக் கணக்கே மேலானது என்று கண்டார்கள்.

இது நம் தேசத்தாருக்கு மிகவும் வேண்டிய பாடம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யூட்கினும் 2004-இல் தங்கள் இருவர் படத்தையும் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவரும் சரிசமம், இருவருக்கும் 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பின் பங்கு யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு.

இது பிறப்பிலேயே தொடங்குகிறது என்றும் யாஜ்னிக் குழுவினர் காட்டினார்கள். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிற்று உறுப்புகள் சிறிது. ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலினும் கூடுதலாக இருந்தது. கர்ப்பிணித் தாய் உண்பதும், உண்ணாமல் போவதும் ஐம்பது ஆண்டு கழித்து வரும் மாரடைப்போடு சம்பந்தப்பட்டிருக்கக்கூடும் என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

ஆகவே "நான் அப்படியொன்றும் குண்டு இல்லையே" என்று நாம் சும்மா இருக்க முடியாது. தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில், நாடாவை இறுக்காமல் வைத்து அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் நாடாவைத்தான் ஏமாற்றலாம். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்பு வயிற்றுப்பக்கம் சேரத் தொடங்குவதால் அந்த வயதில் கூடுதல் கவனம் தேவை.

7. என்ன செய்யலாம்?

உண்மையை உள்ளபடியே சொல்வது நல்லது. அமெரிக்காவில் நீரிழிவுள்ள பருத்தவர்கள் 5,145 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கட்டுப்பாடான உணவாலும் உடற்பயிற்சியாலும் எடை குறைந்தது, சர்க்கரை குறைந்தது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகக் காட்ட முடியாமல் 2012-இல் அதை நிறுத்தினார்கள். எடை குறைப்பது எளிதான மாயமருந்து அல்ல என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

அதற்காக முயற்சி வீண் என்று எண்ணிவிடாதீர்கள். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. தினமும் நடை, உணவில் ஒழுங்கு. இந்த இரண்டினால் மட்டுமே நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவில்லை! நடக்கிற தசை இன்சுலினுக்குச் செவிகொடுக்கிறது. எடைபார்க்கும் இயந்திரத்தின் முள் அசையவில்லையே என்று நடையை நிறுத்திவிட்டவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

மிகவும் பருத்தவர்களுக்கு இரைப்பை அறுவைச் சிகிச்சை உண்டு. சுவீடன் நாட்டில் அதைச் செய்துகொண்டவர்களிடையே இருதய நோயால் வரும் மரணம் குறைந்ததை 2012-இல் எழுதினார்கள்.

இப்போது பலரும் கேட்பது ஊசியைப் பற்றி. நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து 'ஜி.எல்.பி.-1' என்ற ஹார்மோன் சுரந்து, கணையத்தைத் தூண்டி, இரைப்பை காலியாவதை மெதுவாக்கி, மூளைக்குப் "போதும்" என்று சொல்கிறது. அதைப் போலச் செய்யப்பட்ட மருந்துதான் செமக்ளூடைடு. இருதய நோய் உள்ள, நீரிழிவு இல்லாத, பருத்த 17,604 பேரிடம் இதைச் சோதித்து 2023-இல் முடிவைச் சொன்னார்கள். மூன்று ஆண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வெற்று ஊசி போட்டவர்களில் 100-க்கு 8 பேருக்கு வந்தது. மருந்து போட்டவர்களில் 100-க்கு 6.5 பேருக்கு வந்தது. லெப்டினால் ஆகாதது வேறொரு ஹார்மோனால் ஓரளவு ஆயிற்று. ஆனால் குமட்டல், வாந்தி போன்ற தொல்லைகளால் சிலர் பாதியில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்ப ஏறிவிடுகிறது என்றும் வேறோர் ஆய்வு காட்டியிருக்கிறது. டாக்டர் சொல்லாமல் யாரும் இதை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

வீட்டளவில் செய்யக்கூடியவை நமக்குத் தெரிந்தவைதான். வெள்ளைச் சோற்றின் அளவைக் குறைத்து, காய், பயறு, மீன் இவற்றைக் கூட்டுவது. ஆராதனை முடிந்து தரும் டீயில் சர்க்கரையைக் குறைக்கச் சொல்வது. அசனத்தில் இரண்டாம் முறை பரிமாற வருகிறவரிடம் கையை மறைத்து வேண்டாம் என்பது. பரிமாறுகிறவரும் வற்புறுத்தாமல் இருப்பது. தினமும் அரைமணி நேரம் வேகமான நடை. போதுமான தூக்கம், தூக்கம் குறைந்தாலும் பசி ஹார்மோன்கள் தடுமாறும். புகையிலையை அறவே விடுவது. இரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கொலஸ்டரால் மாத்திரைகளை உடம்பு நன்றாக இருக்கிறதென்று நிறுத்தாமல் இருப்பது.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இவை வந்தால் வாயுத்தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். தமிழ்நாட்டில் 108-ஐ அழைக்கலாம்.

8. கட்டிலருகே நிற்கும்போது

இனி அந்த மனிதரின் கேள்விக்குத் திரும்புவோம். "நான் தின்னே என்னைக் கெடுத்துக்கிட்டேனா?"

இன்று கேட்டால் இப்படிப் பதில் சொல்வேன். "தம்பி, நீங்கள் சாப்பிட்டது ஒரு பங்கு. உங்கள் தாயின் கர்ப்பத்தில் உங்களுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும் ஒரு பங்கு. உங்கள் மரபணு ஒரு பங்கு. உட்கார்ந்தே செய்யும் வேலை, உறங்காத இரவு, கடைத்தெருவெல்லாம் மலிந்துகிடக்கும் எண்ணெய்ப் பலகாரம், இவை ஒரு பங்கு. உங்கள் பசியைத் தூண்டிவிட்டதும் உங்கள் இரத்தத்தில் ஓடிய செய்திதான். இதில் நீங்கள் ஏற்றுக்கொள்ளவேண்டிய பொறுப்பு உண்டு, சுமக்கவேண்டாத பழியும் உண்டு. நாளைக்கு எழுந்து வராந்தாவில் பத்து அடி நடப்பது உங்கள் பொறுப்பு. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதற்கு அவசியமில்லை."

பெருந்தீனி தவறுதான். பழைய போதகர்கள் அதைப் பாவங்களின் வரிசையில் வைத்தார்கள். ஆனால் பருத்த சரீரத்தைப் பார்த்த மாத்திரத்தில் இவர் பெருந்தீனிக்காரர் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அறிவும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஒல்லியாயிருந்து வயிறு புடைக்கத் தின்கிறவரை நாம் கண்டிப்பதில்லை என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பழிக்கு அஞ்சிப் பருத்தவர்கள் டாக்டரிடம் போகவே கூசுகிறார்கள். அப்படித் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் இருதயத்துக்கு நஷ்டம். நாம் சொல்லும் ஒரு வார்த்தை ஒருவரைச் சிகிச்சைக்கு வரவும் செய்யும், வராமல் ஒளியவும் செய்யும்.

அடுத்தமுறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது சத்துமாவுப் புட்டியையும் அந்த வார்த்தையையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். "டிஸ்சார்ஜ் ஆனதும் சொல்லுங்க, சாயங்காலம் சேர்ந்து நடக்கலாம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போய்க் கதவைத் தட்டுங்கள்.

சிந்திக்கவும் கலந்து பேசவும்

1. நம் வீட்டில் ஒவ்வொருவரின் இடுப்புச் சுற்றளவு எவ்வளவு? இந்த வாரமே அளந்து எழுதிவைப்போமா?

2. நம் குடும்பத்தில் பருத்த உடம்புள்ள ஒருவரைப் பட்டப்பெயர் வைத்து அழைக்கிறோமா? அவர் அதை எப்படித் தாங்குகிறார் என்று கேட்டிருக்கிறோமா?

3. நம் கூட்டங்களிலும் விருந்துகளிலும் பரிமாறும் உணவில் எந்த ஒரு பண்டத்தை மாற்றலாம்?

4. நாம் அறிந்த கர்ப்பிணித் தாய்மாரில் யாராவது சரியான உணவின்றி இருக்கிறார்களா?

5. தனியாக நடக்கத் தயங்கும் ஒருவருக்கு நாம் துணையாகப் போகலாமா? அந்த ஒருவர் யார்?